மந்தாக்குடியின் நீல ராஜா

சிவகங்கைச் சீமையில் பஸ் போய்த் திரும்புகிற கடைசி ஊர் மந்தாக்குடி. அதற்கு அப்பால் ரோடு கிடையாது. ஊரைப் பார்த்தபிறகு ரோட்டுக்கே மேற்கொண்டு போக மனசு வரவில்லை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பொறாமை. மந்தாக்குடிக்காரர்கள் எதையும் யோசிக்காமல் செய்கிற ஆட்கள் இல்லை. உட்கார்ந்து, நிதானமாக, எல்லோருமாகச் சேர்ந்து யோசித்துவிட்டுத்தான் செய்வார்கள். அதனால்தான் அப்படி ஆகிறது.

ஊரில் தெரு இரண்டு, கண்மாய் ஒன்று. பங்குனி மாசம் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் கண்மாயில் மீன் பிடிப்பார்கள். விராலும் கெளுத்தியும் கெண்டையும் கூடை கூடையாகக் கிடைக்கும். முதல் வலையை எந்தத் தெரு வீசுவது என்பதுதான் வழக்கு. முதல் உரிமை உள்ளவர் இறங்கி, வேண்டிய மட்டும் பிடித்து, போதும் என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் மற்றவர் இறங்கலாம். அதுவரை ஒரு மனுஷக் கால் தண்ணீரில் படக் கூடாது.

ஒரு காலத்தில் இந்த வழக்கைக் கம்பால் தீர்த்துக்கொண்டார்கள். மீனைவிட மண்டைகள் அதிகம் உடைந்தன. புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு தெருக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "இனிமே கையால பேசாதீங்க, மூளையால தீர்த்துக்கங்க" என்று சொல்லி, ஸ்டேஷனில் சும்மா கிடந்த சதுரங்கப் பலகையையும் காய்களையும் கொடுத்தனுப்பினார். பாவம், அந்த ஊருக்குப் புதுசு.

அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் வடக்குத் தெருவுக்கு உடையணனும் தெற்குத் தெருவுக்கு மாயழகும் சதுரங்கம் ஆடுகிறார்கள். உடையணன் வயசில் மூத்தவர். மாயழகுக்கு மாமன் முறை. இருவருக்கும் ஆட்டத்தில் ஒரே கொள்கை: வெளியே போகிற காய்க்கு ஆபத்து வரும். ஆகவே உடையணன் ஒரு குதிரையை வெளியே எடுப்பார். மாயழகும் எடுப்பான். உடையணன் தன் குதிரையைத் திரும்ப உள்ளே வைப்பார். மாயழகும் வைப்பான். இப்படியே குதிரைகள் வருவதும் போவதுமாகச் சாயங்காலம் ஆகும். ஆட்டம் டிரா என்று அறிவிப்பார்கள். டிரா என்றால் யாருக்கும் முதல் உரிமை இல்லை. உரிமை இல்லாவிட்டால் யாரும் இறங்க முடியாது. கண்மாய் வற்றும். எங்கெங்கோ இருந்து நாரைகள் வந்து இறங்கி, ஒரு மீன் விடாமல் தின்றுவிட்டுப் போகும். மந்தாக்குடிச் சதுரங்கத்தில் இதுவரை ஜெயித்தது நாரைகள் மட்டும்தான்.

இதில் மற்ற எல்லோரையும்விட அதிகம் நொந்துபோயிருந்தவர் நடுவர் சேவுகப்பெருமாள்.

அவரை நடுவர் ஆக்கியது அவர் வீடு. வீட்டின் முன்வாசல் வடக்குத் தெருவில் இருந்தது, கொல்லைவாசல் தெற்குத் தெருவில் இருந்தது. ஊரில் அப்படி வேறு வீடு இல்லை. சதுரங்கம் அவருக்குச் சுத்தமாகத் தெரியாது. தெரிந்தால்தானே ஒரு பக்கம் சாயத் தோன்றும் என்று அதையும் ஒரு தகுதியாகவே சேர்த்துக்கொண்டார்கள். சேவுகப்பெருமாளும் பதவியை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்வாசலில் பல் தேய்த்தால் கொல்லைவாசலுக்கு ஓடிவந்துதான் வாய் கொப்பளிப்பார். வடக்குத் தெருவில் ஒருவரைப் பார்த்துச் சிரித்துவிட்டால், தெற்குத் தெருவுக்குப் போய் யாரையாவது தேடிப் பிடித்துச் சிரித்துவிட்டு வருவார்.

ஆனால் அவரும் மனுஷர்தானே. அவருக்கு விரால் மீன் குழம்பு என்றால் உயிர். ஒவ்வொரு வருஷமும் ஆட்டத்தன்று கிளம்பும்போது, "மசாலா அரைச்சு வை, மீனோட வர்றேன்" என்று மனைவி பஞ்சவர்ணத்திடம் சொல்லிவிட்டுப் போவார். அவளும் அரைத்து வைப்பாள். அவர் வெறுங்கையோடு வருவார். அந்த மசாலா கத்திரிக்காயில் போய்ச் சேரும்.

இந்த வருஷம் தண்ணீர் இறங்கத் தொடங்கியதுமே பஞ்சவர்ணம் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் கத்திரிக்காயைத்தான் மீனுன்னு நெனச்சுத் திங்கணும்னா, ஒங்க நடுவர் வேலையை அந்தக் கத்திரிக்காய்க்கே குடுத்துட்டு வந்துருங்க."

சேவுகப்பெருமாள் அன்று முழுக்க இதை யோசித்தார். கத்திரிக்காய் நடுநிலையான காய்தான், எந்தத் தெருவோடும் ஒட்டு உறவு கிடையாது. ஆனால் தீர்ப்பு என்று வந்தால் சத்தமாகச் சொல்லாது. வேறு வழியில்லை, தாமே ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவு செய்தார்.

மறுநாளே உடையணனையும் மாயழகையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு மருந்துக்கடை மாடியில் சதுரங்கக் கழகம் இருந்தது. அதன் செயலாளர் நவநீதன் என்பவர் தனியாக உட்கார்ந்து தமக்கு எதிராகத் தாமே ஆடித் தோற்றுக்கொண்டிருந்தார். அந்த மாடிக்கு யோசனை கேட்டு யாரும் ஏறி வந்ததே இல்லை என்பதால், மூவரையும் பார்த்ததும் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார்.

"எங்க ஊர்ல ஆட்டம் டிராவாவே முடியுது சார்," என்றார் சேவுகப்பெருமாள்.

"உலகம் பூரா அதே பிரச்சினைதான்."

"அப்படியா சார்? எங்களுக்கு மட்டுந்தான்னு பெருமையா நெனச்சுக்கிட்டு இருந்தோம்," என்றார் உடையணன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

நவநீதன் உற்சாகமாகிவிட்டார். "மூணு காரியம் செய்யுங்க. முதல்ல, ஆடுறவங்க வாயில டிராங்கிற பேச்சே வரக் கூடாது. அடுத்தது, கடிகாரம் வச்சு ஆடுங்க. யாருக்கு நேரம் போயிருதோ அவர் தோத்தவர். அப்புறம் முக்கியமானது, வெள்ளைக்காய்க்காரர் முதல்ல நகர்த்துறார், அது அவருக்கு ஒரு படி கூடுதல். கறுப்புக்கு அது அநியாயம். வெள்ளைக்கும் கறுப்புக்கும் இருக்கிற வித்தியாசத்தை எடுத்துட்டீங்கன்னா ஆட்டம் நியாயமாயிரும்."

மூன்று யோசனையையும் ஒரே தலையில் ஏற்றினால் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று மாடிப்படியிலேயே பேசி, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். டிராப் பேச்சு உடையணனுக்கு, கடிகாரம் மாயழகுக்கு, வெள்ளை கறுப்பு விவகாரம் நடுவருக்கு. பஸ்ஸில் மூவரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள். எந்த ஊர் என்று கண்டக்டர் கேட்டதற்கு உடையணன் வாயைத் திறக்கவே இல்லை. திறந்தால் யோசனை விழுந்துவிடும். கடைசியில் கண்டக்டரே, "இப்படி வாயை மூடிக்கிட்டு வந்தா மந்தாக்குடியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சாயங்காலம் கண்மாய்க்கரையை ஒட்டிய பஸ் நிழற்குடையில் இரண்டு தெருவும் கூடியது. உடையணன் வாயைத் திறந்து தம் பங்கு யோசனையை இறக்கிவைத்தார்: இனி மந்தாக்குடியில் யார் வாயிலிருந்தும் டிரா என்ற சொல் வரக் கூடாது. அதற்காக இதுதான் கடைசித் தடவை என்று அவர் மட்டும் அதை ஒருமுறை சொல்லிக் காட்டினார்.

சாத்தையா எழுந்தார். ஊரில் உழவு வண்டி வைத்திருக்கிற ஒரே ஆள்.

"அப்ப என் வண்டியை என்னன்னு சொல்றது?"

"எந்த வண்டியை?"

"டிராக்டரை."

கூட்டம் முழுக்கச் சாத்தையா பக்கம் திரும்பியது.

"சொல்லிட்டான்," என்றார் உடையணன்.

"முழுசா அதைச் சொல்லலையே மாமா," என்றான் மாயழகு. "பின்னாடி க்டர் இருக்குல்ல?"

"பின்னாடி எது இருந்தா என்ன? முன்னாடி அதுதானே நிக்குது. தலை வீட்டுக்குள்ள வந்தா ஆள் வந்ததாத்தானே கணக்கு?"

எல்லோரும் நடுவரைப் பார்த்தார்கள். சேவுகப்பெருமாள் வெகுநேரம் தாடையைத் தடவிவிட்டு, "வார்த்தையைத் திரும்ப வாங்கிக்க சாத்தையா" என்று தீர்ப்பளித்தார்.

சாத்தையா தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். வாயை அகலத் திறந்து, விட்ட இடத்திலிருந்து காற்றை உறிஞ்சி, கண்ணை மூடி விழுங்கினார்.

"வந்துருச்சா?"

"பாதி வந்துச்சு. பாதி காத்துல போயிருச்சுபோல."

"காத்து மேற்கால அடிக்குது. பக்கத்து ஊருக்குத்தான் போயிருக்கும். அவங்க பாத்துக்குவாங்க," என்று கூட்டம் நிம்மதி அடைந்தது. அன்றிலிருந்து அந்த வண்டிக்குக் க்டர் என்று பெயர். "அண்ணே, க்டர் வருமா?" என்று யாராவது கேட்டால், விக்கல் என்று நினைத்துப் பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார்கள்.

அடுத்து மாயழகின் கடிகாரம். தெருவுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொண்டுவந்து நிழற்குடைத் தூண்களில் மாட்டினார்கள். யாருக்கு நேரம் போகிறதோ அவர் தோற்றவர் என்பதை மாயழகு விளக்கியதும் இரண்டு தெருவும் கடிகாரங்களை அண்ணாந்து பார்த்தது. முள் நகர நகர, கண்ணெதிரே நேரம் போய்க்கொண்டிருந்தது. வடக்குத் தெரு சட்டென்று தன் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றியது. அதைப் பார்த்துத் தெற்குத் தெருவும் கழற்றியது. சேவுகப்பெருமாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே மணி காட்டின. யாருக்கும் நேரம் போகவில்லை. இவ்வளவு நியாயமான கடிகாரங்களை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

கடைசியாக அவர் தம்முடைய யோசனையை எடுத்தார். "வெள்ளைக்கும் கறுப்புக்கும் இருக்கிற வித்தியாசத்தை எடுத்துரணும்னு சார் சொன்னார்."

"வெள்ளைக்காயை எல்லாம் கறுப்பாக்கிட்டா?" என்றான் மாயழகு.

"கறுப்புங்கிறது ரெண்டாவதா ஆடுறவன். ரெண்டு பேரும் ரெண்டாவதா ஆடினா முதல்ல ஆடுறது யாரு?"

"அப்ப எல்லாத்தையும் வெள்ளையாக்கிருவோம்."

"ரெண்டு பேரும் முதல்ல ஆடுவீக. கை இடிச்சுக்கிரும். பழையபடி மண்டை உடையும்," என்றார் சேவுகப்பெருமாள்.

இந்தச் சிக்கலில் கூட்டம் வெகுநேரம் கிடந்தது. பிறகு சாத்தையா தம் வீட்டில் நீலப் பெயிண்ட் மிச்சம் இருப்பதாகச் சொன்னார். ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு அடித்ததில் மிஞ்சியது. நீலம் முதலிலும் ஆடாது, இரண்டாவதாகவும் ஆடாது. எந்த ஊர்ச் சதுரங்கத்திலும் அதற்கு ஒரு கெட்ட பெயர் கிடையாது. எல்லாக் காய்களுக்கும் நீலம் அடித்தார்கள். அடித்து முடித்துப் பலகையில் வைத்தபோது, கட்டங்களிலும் வெள்ளை கறுப்பு இருப்பதை உடையணன் சுட்டிக்காட்டினார். வெள்ளைக் கட்டத்தில் நிற்கிற காய்க்கு மனசுக்குள் ஒரு திமிர் இருக்கத்தானே செய்யும்? பலகைக்கும் நீலம் அடித்தார்கள். சேவுகப்பெருமாள் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். பலகை எங்கே முடிகிறது, காய் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. நியாயம் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று அவருக்குக் கண் கலங்கியது. பெயிண்ட் நெடியாகவும் இருக்கலாம்.

ஆட்டத்தன்று விடிந்ததும் அவர் பஞ்சவர்ணத்திடம் சொன்னார்: "மசாலாவை மட்டும் அரைச்சு வச்சா போதாது. இந்தத் தடவை குழம்பையே கூட்டி வச்சுரு. மீன் வந்து சேர்றதுதான் பாக்கி. நான் வர்ற வரைக்கும் அடுப்பை அணைக்காதே."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புளியை எடுத்து ஊறவைத்தாள்.

நிழற்குடையில் ஊரே கூடியிருந்தது. கண்மாயில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. இன்னும் சில நாள் வெயில் அடித்தால் வெறும் சேறுதான். நாரைகள் வரிசையாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஆடுங்க மாமா," என்றான் மாயழகு.

"முதல்ல ஆடினா ஒரு படி கூடுதல்னு சார் சொல்லிருக்காரு. அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன். நீ ஆடு."

"நான் மட்டும் அநியாயக்காரனா? நீங்க பெரியவுக, நீங்களே ஆடுங்க."

"பெரியவனா இருக்கிறதாலதான் சொல்றேன், நீ ஆடு."

உச்சி வெயில் வந்தது. இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தூணில் தொங்கிய கடிகாரங்கள் இருவருக்கும் நேரமே போகவில்லை என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தச் சமயம் ஒரு நாரை முழங்கை நீள விராலைக் கொத்தித் தூக்கியது. அது துள்ளியபோது சேவுகப்பெருமாளின் வயிற்றுக்குள் என்னமோ துள்ளியது. காற்றில் கொத்தமல்லியும் மிளகும் வறுபட்ட வாசனை வேறு வந்தது. எந்த வீட்டு வாசனை என்று அவருக்குத் தெரியாதா என்ன?

அவர் எழுந்துவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் ஆட வேண்டாம். முதல் காயை நடுவர் நகர்த்துறேன். யாருக்கும் பாவமில்லை."

கூட்டம் கைதட்டியது. சேவுகப்பெருமாள் ஒரு சிப்பாயைப் பெயர்த்தார். நகர்த்தினார் என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் பெயிண்ட் காயாமல் காய்கள் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு கையால் பலகையை அமுக்கி மறு கையால் பிடுங்க வேண்டியிருந்தது.

"அடுத்து யாரு?" என்றார்.

"அடுத்து ஆடுறவன் ரெண்டாவதா ஆடினவன் ஆயிருவான்," என்றார் உடையணன். "அவனுக்கு ஒரு படி கம்மி."

அதுவும் சரிதான். இரண்டாவது காயையும் நடுவரே பெயர்த்தார். மூன்றாவதையும் அவரே. இப்படியாக, உலகத்திலேயே யாருக்கும் அநியாயம் நடக்காத சதுரங்கம் மந்தாக்குடியில் ஆரம்பமானது. ஆட்டக்காரர்கள் இருவரும் ஆடவே இல்லை. ஆட்டமே தெரியாத ஒருவர் இருவருக்கும் சேர்த்து ஆடினார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு யானை ஒரு குதிரைமேல் போய் இடித்தது.

"வெட்டுங்க நடுவரே," என்று கூட்டத்திலிருந்து யாரோ சொன்னார்கள்.

சேவுகப்பெருமாள் குதிரையைப் பிடுங்கி ஓரமாக வைக்கப் போனார். சாத்தையா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இத்தனை வருஷமும் இதே தப்பைத்தான் செஞ்சிருக்கோம். வாயால வெட்டு வெட்டுன்னு சொல்றோம், ஒரு தடவையாவது வெட்டினோமா? எடுத்து ஓரமா வச்சா அது அங்கேயே இருந்து பாத்துக்கிட்டே இருக்கு. அப்புறம் ஆட்டத்துக்கு எப்படி முடிவு வரும்?"

இவ்வளவு தெளிவாக யாரும் பேசியதில்லை. சாத்தையா தம் க்டரின் சீட்டுக்கடியிலிருந்து அரிவாளைக் கொண்டுவந்தார். நிழற்குடைச் சிமெண்டுப் பெஞ்சில் குதிரையைக் கிடத்தி ஒரே போடு போட்டார். குதிரை இரண்டாயிற்று. ஊர் ஆரவாரித்தது. ஆட்டம் சூடு பிடித்தது. சேவுகப்பெருமாள் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுக்க, சாத்தையா வெட்டி வெட்டித் தள்ளினார். மந்திரிகள் போனார்கள். ராணிகள் இருவரும் அடுத்தடுத்துப் போனார்கள். சிப்பாய்கள் சுள்ளியாகிக் குவிந்தார்கள். எந்தக் காய் யாருடையது என்று தெரியாததால் யாருக்கும் வருத்தமில்லை. இரண்டு தெருவும் ஒவ்வொரு வெட்டுக்கும் சேர்ந்து கைதட்டியது.

வெயில் தாழும்போது பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் நின்றார்கள். இந்த இடத்தில்தான் வழக்கமாக எல்லா ஊரிலும் அந்த வார்த்தையைச் சொல்வார்கள். இங்கே சொல்ல முடியாது. சேவுகப்பெருமாள் கண்ணை மூடிக்கொண்டு, கைக்கு அகப்பட்ட ராஜாவைப் பிடுங்கிச் சாத்தையாவிடம் கொடுத்தார். அரிவாள் இறங்கியது. ராஜாவின் தலை உருண்டு ரோட்டுக்குப் போனது.

"முடிவு வந்துருச்சு," என்றார் சேவுகப்பெருமாள். உடையணன் மாயழகைக் கட்டிக்கொண்டார். ஆட்கள் துண்டைத் தூக்கி எறிந்தார்கள். வலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கரையை நோக்கி ஓடினார்கள். பாதித் தூரம் ஓடியபிறகுதான் மாயழகு நின்றான்.

"அண்ணே, ஜெயிச்சது எந்தத் தெரு?"

எல்லோரும் நின்றார்கள். திரும்பி நடந்துவந்து பலகையைச் சுற்றிக் குனிந்தார்கள். நீலப் பலகைமேல் நீல ராஜா நின்றுகொண்டிருந்தார். வடக்கையும் பார்க்கவில்லை, தெற்கையும் பார்க்கவில்லை.

"எங்க ராஜாதான். கழுத்தைப் பாருங்க," என்றார் உடையணன்.

"மாமா, எல்லா ராஜாவுக்கும் கழுத்து இருக்கும்."

வார்த்தை தடிக்க ஆரம்பித்தது. பின்னால் நின்ற சிலர் கம்பு எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடத் தொடங்கினார்கள். சேவுகப்பெருமாள் வடக்கு என்று சொன்னால் கொல்லைவாசலைத் திறக்க முடியாது. தெற்கு என்று சொன்னால் முன்வாசலை. இவர்கள் ஆடவில்லை. ஆடியவர் தாமே, ஆனால் நடுவர் எப்படி ஜெயிக்க முடியும்? எல்லாம் போக மிச்சம் இருப்பது யார் என்று யோசித்தார். பளிச்சென்று விளங்கியது.

"ரெண்டு தெருவும் ஜெயிக்கல. ராஜா ஜெயிச்சிருக்காரு. கடைசி வரைக்கும் நின்னது அவருதானே? முதல் உரிமை அவருக்குத்தான்."

கம்பு தேடியவர்கள் கொட்டு மேளத்தைத் தேடிக் கொண்டுவந்தார்கள். ராஜாவை ஒரு தாம்பாளத்தில் நிறுத்தி, சின்னதாகத் துண்டு கிழித்துத் தலையில் பரிவட்டம் கட்டி, மேளத்தோடு கண்மாய்க்குக் கூட்டிப் போனார்கள். கரையோரம் ஒரு கல்லில் இறக்கி, பக்கத்தில் ஊரிலேயே நல்ல வலையை வைத்தார்கள். பிறகு கைகட்டிக் காத்திருந்தார்கள்.

ராஜா இறங்கவில்லை.

"கூச்சப்படுறாரோ என்னமோ," என்றார் சாத்தையா. எல்லோரும் திரும்பி நின்றுகொண்டார்கள். சற்றுப் பொறுத்து எட்டிப் பார்த்தால் ராஜா நின்ற இடத்திலேயே நின்றார்.

"பெயிண்ட் ஒட்டிக்கிச்சுபோல," என்றான் மாயழகு. லேசாக அசைத்துப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. வேண்டுமென்றேதான் நிற்கிறார்.

இதற்கிடையில் பஞ்சவர்ணம் சும்மாட்டின்மேல் குழம்புச் சட்டியோடு வந்து சேர்ந்தாள்.

"அடுப்பை அணைக்காதேன்னீங்க. நானும் அணைக்கல. கொதிச்சுக் கொதிச்சு அடியில வந்துருச்சு. இனி தண்ணி ஊத்தினா குழம்பு ரசமாயிரும். மீன் எங்கே?"

சேவுகப்பெருமாள் கண்மாயைக் காட்டினார். முதுகு தெரிய விரால்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"அந்தா இருக்கு. ராஜா இறங்காம நாம எடுக்கக் கூடாது."

"மீனு வெளிய வரக் கூடாது, அவ்வளவுதானே? குழம்பு உள்ள போகலாமா?"

சேவுகப்பெருமாள் யோசித்தார். மனுஷக் கால் படக் கூடாது என்றுதான் சட்டம். குழம்புக்குக் கால் கிடையாது. போகலாம் என்று தலையாட்டினார். பஞ்சவர்ணம் கரையில் நின்றபடியே சட்டியைக் கவிழ்த்தாள். தண்ணீர் சிவந்தது. வாசனை கிளம்பி ஊரையே தூக்கியது. விரால்கள் குழம்புக்குள் சுகமாக நீந்தின.

"இப்ப மீன் குழம்பு ஆயிருச்சு," என்றாள்.

சேவுகப்பெருமாள் எச்சிலை விழுங்கினார். "உப்பு சரியா இருக்கா?"

"நீங்கதானே இறங்கிப் பாத்துச் சொல்லணும்?"

அவரால் இறங்க முடியாது. கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்கால் முடிந்தமட்டும் சாப்பிட்டார். அத்தனை வருஷத்துக்கு அதுதான் அவருக்குக் கிடைத்த விரால் குழம்பு. குறை சொல்ல முடியாது, காரம் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

அந்த வாசனையில் ஊர் பொறுமை இழந்தது. ராஜாவுக்குத் தண்ணீர் பயமாக இருக்கும், ஒரு தடவை காட்டிவிட்டால் பழகிவிடுவார் என்று உடையணன் சொல்ல, நீண்ட கம்பு நுனியில் ராஜாவை வைத்து மெதுவாகத் தண்ணீரில் இறக்கினார்கள். ராஜா மரம். மிதந்தார்.

"நீச்சல் தெரிஞ்சுக்கிட்டே இவ்வளவு நேரம் நம்மளைக் காக்க வச்சிருக்காரு," என்றார் சாத்தையா.

ராஜா குழம்பில் மிதந்தபடியே நாரைகள் நின்ற பக்கம் போனார். புளியும் மல்லியும் ஊறி மணந்துகொண்டு வந்தவரை முன்னால் நின்ற பெரிய நாரை ஒரு பார்வை பார்த்தது. அலகைத் திறந்தது. பரிவட்டத்தோடு விழுங்கியது. கழுத்தில் ஒரு மேடு மெல்ல இறங்கி மறைந்தது. பிறகு அது பக்கத்தில் நெளிந்த விராலைக் கொத்தி அதையும் விழுங்கியது.

கரையில் எல்லோரும் நாரையின் கழுத்தையே பார்த்தார்கள்.

"ராஜாவைத் தின்னுருச்சே," என்றான் மாயழகு.

"தின்னலை," என்றார் சேவுகப்பெருமாள், மெதுவாக எழுந்து நின்று. "ராஜா உள்ளே போயிருக்காரு. உள்ள இருந்துக்கிட்டு மீன் பிடிக்கிறாரு. பாத்தீங்கல்ல, இறங்கின உடனே ஒரு விரால்."

மந்தாக்குடி அந்த நாரையைக் கையெடுத்துக் கும்பிட்டது. முதல் உரிமை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. இனி அது போதும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மற்றவர்கள் இறங்கலாம். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். நாரை இன்னொரு விராலை எடுத்தது. பிறகு ஒன்று. போதும் என்று அது சொல்வதாக இல்லை.

"பரவாயில்லை, பசியோட இருந்திருப்பாரு," என்றார் உடையணன். "எனக்கு இப்ப அடுத்த வருஷத்தை நெனச்சாத்தான் கவலையா இருக்கு. ஜெயிச்சவரை எதிர்த்துத்தான் ஆடணும். அந்தப் பக்கம் அது வந்து உக்காரும்."

"அது உக்காராது மாமா. பாருங்க, ஒத்தைக் கால்ல நின்னுதான் காரியம் பாக்குது," என்றான் மாயழகு.

நடுவருக்குச் சுருக்கென்றது. எதிராளி ஒற்றைக் காலில் நிற்க, நம் ஆள் இரண்டு காலோடு போனால் அது ஒரு கால் கூடுதல். இவ்வளவு பாடுபட்டு ஆட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டு, அடுத்த வருஷம் ஒரு காலால் அது கெட்டுப்போகலாமா? எல்லோரும் ஒற்றைக் காலில் நின்று இப்போதிருந்தே பழகிக்கொள்ள வேண்டும் என்று அங்கேயே அறிவித்தார்.

எந்தக் காலைத் தூக்குவது என்று உடனே சண்டை வந்தது. இடது கால் லேசு, அதைத் தூக்குகிறவர்களுக்குச் சௌகரியம் என்றது வடக்குத் தெரு. இடது காலைத் தூக்கினால் மரியாதைக் குறைவு, வலதுதான் என்றது தெற்குத் தெரு. பேசிப் பேசி, வடக்குத் தெரு இடது காலையும் தெற்குத் தெரு வலது காலையும் தூக்குவது என்று முடிவானது. இரண்டு தெருவும் கரையில் எதிரெதிராக வரிசை கட்டி நின்று, ஆளுக்கொரு காலைத் தூக்கிக்கொண்டு நடுவரைப் பார்த்தது.

எந்தப் பக்கமும் சாயக் கூடாதவர் என்பதால் சேவுகப்பெருமாள் இரண்டு காலையும் தூக்கினார்.